சைக்கிள் ரிம் தேய்ந்தால்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

போன வாரம் ஒரு காலேஜ் பையன் முன்சக்கரத்தை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் வைத்துக் காற்றடிக்கும்போது பட்டாசு மாதிரி வெடித்ததாம், டியூப் மாற்றித் தரச் சொன்னான். டயரைக் கழற்றிப் பார்த்தால் ரிம்மின் ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து, தகரம் மாதிரி தொங்குகிறது. அதற்கு முந்தின ஞாயிறுதான் இதே சக்கரத்தில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இருபது வருடமாகச் சக்கரம் கோர்க்கிறேன், ரிம் பற்றி என்ன சந்தேகமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்தான் இவை.

கேள்வி: ரோட்டில் உரசுவது டயர்தானே, ரிம் எப்படித் தேயும்? (சேலம்)

பிரேக் கட்டை எதில் உரசுகிறது என்று பாருங்கள். டிஸ்க் பிரேக்கில் தட்டில் உரசும், சாதாரண பிரேக்கில் ரிம்மின் பக்கச் சுவரில்தான் உரசும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கட்டையும் தேய்கிறது, ரிம்மும் கொஞ்சம் தேய்கிறது. கட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், ரிம்மை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புது அலுமினிய ரிம்மில் அந்தச் சுவர் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் நான் மாற்றிவிடுவேன்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், அந்தச் சுவர் சும்மா நிற்கவில்லை. உள்ளே இருக்கும் காற்று டயரை விரிக்கிறது, டயர் ரிம்மின் இரண்டு ஓரங்களையும் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது, சைக்கிள் நிறுத்தி வைத்திருக்கும்போதும்கூட. சுவர் மெலிந்தால் ஒருநாள் தாங்காது. காற்றடிக்கும்போது வெடித்தால் தப்பித்தோம். ஓடும்போது முன்சக்கரத்தில் நடந்தால், உரிந்த ஓரம் பிரேக்கிலோ, சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கிலோ மாட்டிச் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

கேள்வி: அண்ணா, வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? (கோவை)

இருக்கிறது தம்பி. முதலில் விரலால் தடவிப் பாருங்கள். பிரேக் படும் இடம் தட்டையாக இருக்க வேண்டும், நடுவில் குழிந்து மேலும் கீழும் விளிம்பு தட்டுப்பட்டால் தேய்ந்திருக்கிறது. அடுத்து ஒரு ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை அந்த இடத்தில் குறுக்காக வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவே வெளிச்சம் பிறை மாதிரி தெரிந்தால் எவ்வளவு குழி என்று கண்ணுக்கே தெரியும். பல ரிம்களில் கம்பெனிக்காரர்களே அடையாளம் வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் சுற்றிலும் மெல்லிய பள்ளக் கோடு, சிலவற்றில் ஊசி முனை அளவுக் குழி. அது மறைந்துவிட்டால் ரிம் முடிந்தது. ஒன்றிரண்டு வகையில் இதற்கு நேர்மாறு, தேய்ந்த பிறகுதான் உள்ளேயிருந்து ஓட்டை வெளியே தெரியும்.

சரியாக அளக்க வேண்டுமானால் டயரைக் கழற்றுங்கள். ஓரத்தின் மேல் முனையில் டயர் மாட்டிக்கொள்ள உள்பக்கமாக ஒரு மடிப்பு இருக்கும், அதனால் வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவி) நேராக வைத்தால் மடிப்பின் தடிமனைத்தான் காட்டும். நான் செய்வது இதுதான்: 14 கேஜ் போக்ஸ் கம்பி (சக்கரத்தின் ஆரக்கம்பி) 2 மி.மீ. தடிமன். அதில் ஒன்றரை செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மடிப்புக்குக் கீழே உள்பக்கமும் மற்றொன்றை நேர் எதிரே வெளிப்பக்கக் குழியிலும் வைத்து, சேர்த்துப் பிடித்து அளந்து, வந்த எண்ணில் 4 கழிப்பேன். மீதிதான் சுவர். ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாதீர்கள், ஐந்தாறு இடத்தில் பாருங்கள்.

கேள்வி: பிரேக் பிடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டக் டக் என்கிறது. கடையில் பெண்டு எடுத்தும் போகவில்லை. (மதுரை)

வாங்கிய நாளிலிருந்தே இருந்தால் அது ரிம்மின் ஜாயின்டாக இருக்கலாம், வழக்கமாக வால்வுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், ஆபத்தில்லை. இப்போதுதான் ஆரம்பித்தது என்றால் தயவுசெய்து சைக்கிளை நிறுத்துங்கள். அந்த இடத்தில் ரிம்மின் அகலத்தைக் காற்று இருக்கும்போது ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை அளந்து, மற்ற இடங்களோடு ஒப்பிடுங்கள். அங்கே மட்டும் காற்றோடு சேர்ந்து பிதுங்கினால் சுவர் பிய்யத் தொடங்கிவிட்டது. பெண்டு எடுத்து இதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? (தஞ்சாவூர்)

அப்படி ஒரு கணக்கு கிடையாது. தஞ்சாவூர் சமவெளியில் எப்போதாவது பிரேக் பிடிப்பவருக்கு வருடக்கணக்கில் உழைக்கும். அதே ரிம் மலையில், மழையில், மண் ரோட்டில் சீக்கிரம் போய்விடும். இரண்டு முறை கட்டை மாற்றினால் ஒருமுறை ரிம்மை அளந்துவிடுங்கள்.

கேள்வி: மழையில் ஓட்டினால் ரிம்மிலிருந்து கறுப்பாக ஒழுகுகிறதே, அது என்ன? (வால்பாறை)

உங்கள் ரிம்தான் ஒழுகுகிறது. மண், கட்டை ரப்பர், அலுமினியத் தூள் எல்லாம் கலந்த சேறு அது, உப்புத்தாள் மாதிரி அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள். அப்புறம் கட்டைகளைக் கழற்றி முகத்தைப் பாருங்கள், ரப்பரில் பளபளவென்று அலுமினியத் துணுக்குகள் புதைந்திருக்கும். ஊசியால் தோண்டி எடுத்துவிட்டு, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மாட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று கேட்டால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கொல்லிமலை இறங்கப் போகிறோம், 70 கொண்டை ஊசி வளைவு. ரிம் சூடாகுமா? (நாமக்கல்)

நன்றாகவே சூடாகும். 30 டிகிரியில் 100 பிஎஸ்ஐ அடித்த டயருக்குள் காற்று 80 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 120 பக்கம் வந்துவிடும். மெலிந்த ரிம் பிளக்க இந்த மாதிரி இடம்தான் வாகானது. பிரேக்கை விடாமல் இழுத்துக்கொண்டே இறங்காதீர்கள், வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். நடுநடுவே நின்று ஆறவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லோருடைய ரிம்மிலும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒருவருடையது குழிந்திருந்தால் அவர் அந்த ரிம்மில் வரவே கூடாது.

கேள்வி: அப்பாவின் பழைய ராடு பிரேக் சைக்கிளுக்கும் இந்தப் பயம் உண்டா? (காரைக்குடி)

இதே விதத்தில் கிடையாது. அதில் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் படாது, உள்வட்டத்தில், போக்ஸ் இருக்கும் பக்கம்தான் படும். ரிம்மும் இரும்பு. அதற்கு எதிரி துரு. நிப்பிள் (போக்ஸை ரிம்மோடு பிடிக்கும் திருகு) ஓட்டைகளைச் சுற்றி, டயரைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள், அரித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழை பெய்தால் இரும்பு ரிம்மில் பிரேக் மிக மோசமாகப் பிடிக்கும், அதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: டிஸ்க் பிரேக் என்றால் கவலை இல்லைதானே? (சென்னை)

சுவர் தேயாது. போக்ஸ் ஓட்டைகளில் விரிசலும், பள்ளத்தில் இறங்கிய நசுங்கலும் வரும், அதைப் பாருங்கள். தேய்வது தட்டுதான். ஷிமானோ தட்டு 1.5 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும்.

கேள்வி: பையன் சைக்கிள் ரிம்மில் கட்டை படும் இடம் குழியாக இருக்கிறது, மேலே ஒரு முடி மாதிரி கோடும் தெரிகிறது. நாளைக்கு டியூஷனுக்கு ஓட்டிப் போகலாமா சார்? (ஈரோடு)

வேண்டாம் அம்மா. அந்தக் கோடு விரிசலாக இருக்கலாம். இப்போதே இரண்டு சக்கரத்திலும் காற்றை இறக்கிவிடுங்கள், பையன் எடுத்துக்கொண்டு கிளம்பாமல் இருக்க அதுவும் ஒரு வழி. ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) போக்ஸும் நன்றாக இருந்தால் ரிம்மை மட்டும் மாற்றலாம், பழைய ரிம்மைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், அதே அளவும் அதே எண்ணிக்கை ஓட்டையும் உள்ளதாகக் கேளுங்கள். 26 என்று மட்டும் சொன்னால் வேறு அளவைக் கொடுத்துவிடுவார்கள், டயரின் பக்கத்தில் 559 அல்லது 590 என்று போட்டிருக்கும், அந்த எண்ணைச் சொல்லுங்கள்.