குற்றாலத்தை விடுங்கள், அம்பையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 58 வயது, கணவருக்கு 61. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நானும் சில மாதங்களில் வேலையை விடப் போகிறேன். மகள் வெளிநாட்டில். சென்னையில் சொந்த ஃபிளாட் உண்டு. ஆனால் நெரிசலும் தண்ணீர் லாரியும் போதும் போதும் என்றாகிவிட்டது. போன ஜூலையில் குற்றாலம் போய்வந்ததிலிருந்து அங்கேதான் மனை வாங்க வேண்டும் என்கிறார் அவர். தோழிகள் கோவை என்கிறார்கள். அதிகம் பேர் கவனிக்காத, நிம்மதியாக வாழ ஏற்ற ஊர் எதுவும் தமிழ்நாட்டில் இல்லையா? எனக்கு மூட்டு வலி, அவருக்குச் சர்க்கரை. தெற்கே எங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் கிடையாது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மடிப்பாக்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் திசையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ஊரைத்தான் கொஞ்சம் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும்.

குற்றாலத்தை ஜூலையில் பார்க்கிற எல்லோருக்கும் வருகிற ஆசை அது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும்போது யாருக்குத்தான் மனை வாங்கத் தோன்றாது? ஆனால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அந்த ஊர் வெளியூர்க்காரர்களுடையது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். சனி, ஞாயிறு ஒரு கட்டு கீரை வாங்க வெளியே போனால்கூட வேன்களுக்கு நடுவே ஒதுங்கி நிற்க வேண்டும். மூட்டு வலியோடு அது சரிவராது. நாலு பேர் பார்க்க வருகிற ஊருக்குப் பக்கத்தில், யாரும் பார்க்க வராத ஊரில் குடியிருப்பதுதான் என் கணக்கில் உத்தமம்.

அப்படி ஒரு ஊர், திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம். உள்ளூரில் அம்பை. ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. இரண்டையும் ஒரே ஊராக வைத்துக்கொண்டு தேடுங்கள்.

முதல் காரணம் தண்ணீர். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி இந்த மாநிலத்திலேயே பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்கிற ஆறு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் அதற்கு உண்டு. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போக நெல் அங்கே பழக்கம். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. மழைக்காலத்தில் டீக்கடைப் பேச்சே இன்றைக்கு அணை எத்தனை அடி என்பதுதான். ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். அதில் நதியுண்ணி, கன்னடியன் கால்வாய்கள் இந்தப் பக்கத்து வயல்களுக்குத்தான் பாய்கின்றன. லாரித் தண்ணீருக்குக் காசு எண்ணிய உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் ஆற்றுத் தண்ணீர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்காதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று வருகிறவர்கள் துணிகளை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். கரையோர ஊர்களின் சாக்கடையும் சேர்கிறது.

அடுத்தது ஆஸ்பத்திரி. அம்பையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரைக்கு மாதாமாதம் பார்க்கத் தனியார் மருத்துவர்களும் உண்டு. இதயம், மூளை என்று பெரிதாக வந்தால் பாளையங்கோட்டைக்குத்தான் ஓட வேண்டும். அங்கே 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. யாரிடம் கேட்டாலும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்பார்கள். தனியார் மருத்துவமனைகளும் அங்கேதான் அதிகம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் இருவரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். அவருக்கு ஏற்கெனவே இதயத்தில் ஏதாவது சிக்கல் இருந்தால் அம்பையை மறந்துவிட்டுப் பாளையங்கோட்டையிலேயே வீடு பாருங்கள். நான் சும்மா சொல்லவில்லை.

ரயிலில் குறை இல்லை. திருநெல்வேலி - தென்காசிப் பாதை 2012-லேயே அகலப்பாதை ஆகிவிட்டது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று ஊர் ஊராக நின்று போகும். சென்னைக்குத் திருநெல்வேலி போய் ஏறலாம், தென்காசி போய்ப் பொதிகை எக்ஸ்பிரஸும் பிடிக்கலாம்.

அப்புறம், வெயில். ஏப்ரல், மே மாதங்களில் அம்பையும் சுடும். மலை கண்ணுக்கெதிரே நிற்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சாரல் காலத்து இதத்தில் குற்றாலத்துக்குக் கிடைப்பது முழுசாக இங்கே வராது. அதனால் வீடு பார்க்க மே மாதத்தில் போங்கள். அப்போதும் ஊர் பிடித்திருந்தால் எப்போதும் பிடிக்கும்.

மழைக்காலத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரை மீறி ஓடியது. ஆற்றைப் பார்த்த வீடு என்று தரகர் ஆசை காட்டினால், அந்த டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.

மலையடிவாரத்தில் ஒரு தோட்டம், நடுவில் ஒரு வீடு என்று அவர் கனவு காணலாம். அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அடிவாரத்துக் கிராமங்களுக்குள் சிறுத்தையும் கரடியும் இறங்குவது அங்கே புதிய செய்தி இல்லை, காட்டுப்பன்றியைச் சொல்லவே வேண்டாம். மலையை ஒட்டிய பல கிராமங்களில், ஹாகா என்று சொல்கிறார்களே, அந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடுகளும் உண்டு. மனைப் பிரிவு போட்டு விற்பவர் இதையெல்லாம் தானாக வாய் திறந்து சொல்ல மாட்டார். பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், வாய்க்கால் புறம்போக்கு எதுவும் உள்ளே வருகிறதா என்பதையெல்லாம் ஒரு வக்கீல் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே வேண்டாம்.

சொந்தபந்தம் இல்லை என்றீர்கள். எனக்குக் கவலை தருவது இதுதான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எந்த ஊர் என்பது முதல் கேள்வி. என்ன ஆட்கள் என்பது அடுத்தது; சிலர் நேராகவே கேட்பார்கள், சிலர் குலதெய்வம் எது என்று சுற்றி வந்து கேட்பார்கள். சில தெருக்களில் வீடு காலியாகவே இருக்கும், உங்களுக்குக் கிடைக்காது. பக்கத்திலேயே கடையம் இருக்கிறது, பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1918-ல் சிறையிலிருந்து வந்த பாரதியார் 1920 வரை அங்கேதான் இருந்தார். அவரையே அந்த அக்ரகாரம் லேசில் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்றைக்குக் காலம் மாறியிருக்கிறது, முழுதாக மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருமுறை பழகிவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் எல்லோருக்கும் அண்ணாச்சிதான். நீங்கள் இரண்டு நாள் வெளியே வராவிட்டால் எதிர்வீட்டில் இருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும். இது பிடிக்குமா, தொந்தரவாகத் தோன்றுமா என்பது உங்கள் சுபாவம். ஃபிளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகியவர்களுக்கு ஆரம்பத்தில் மூச்சு முட்டும்.

சமையலறைச் செலவு குறையும். பாவூர்சத்திரத்தில் பெரிய காய்கறிச் சந்தை இருக்கிறது. கேரளத்துக்கு லாரி லாரியாகப் போவதே அங்கிருந்துதான். ஓணத்துக்கு முந்தின வாரம் மட்டும் விலை எகிறும், அந்த வாரம் அப்பளத்தை வைத்துச் சமாளியுங்கள். கல்லிடைக்குறிச்சியில் அதற்குப் பஞ்சமில்லை.

கோவையைப் பற்றித் தோழிகள் சொல்வதில் தவறில்லை. மருத்துவ வசதிக்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் நீங்கள் ஓடிவர நினைக்கிற நெரிசல் உங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அம்பை ஒத்துவராது என்று பட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். பெரியாற்றுத் தண்ணீர், நெல், திராட்சை, சுற்றிலும் மலை. பக்கத்தில் போடி வரை 2023-ல் அகலப்பாதை ரயிலும் வந்துவிட்டது.

சென்னை ஃபிளாட்டை இப்போது விற்காதீர்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள், அதே பதினொரு மாதத்துக்கு அம்பையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ வாடகைக்கு எடுங்கள். படி ஏற வேண்டாத தரைத்தள வீடு, மருந்துக்கடைக்கு நடந்து போகிற தூரம். இந்த இரண்டில் விட்டுக்கொடுக்காதீர்கள். மே மாதமே குடிபோனால் கோடை, ஆடிக்காற்று, ஐப்பசி மழை மூன்றையும் பார்த்துவிடலாம். மனை வாங்குகிற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கட்டும்.