மருத்துவர் பார்த்த பிறகும் ரத்தப் பரிசோதனை எதற்கு?

"மருத்துவரே பார்த்துவிட்டார், பிறகு ஆய்வகம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் மூட்டுவலியும் சோகையுமாக வரும் ஒரு பணியர் பழங்குடிக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பல நோய்களுக்கு இதே அறிகுறிதான். ஆய்வகத்தில் இருப்பவர் துளி ரத்தத்தைக் கரைசலில் கலந்து, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிக்கிறார். கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால், அரிவாள் அணு ஹீமோகுளோபின், அதாவது ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைத்துவிடும் மாறுபட்ட ஹீமோகுளோபின், இருக்கிறது என்று பொருள். இந்தியாவில் இது முதன்முதலில் அறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல்.

ஆனால் அது நோயா, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த மரபுக்கூறு மட்டுமா என்பதை அந்தக் குழாய் சொல்லாது. மின்புலத்தில் ஹீமோகுளோபின்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு 'நோய்' என்று எழுதிவிட்டால் ஒரு குடும்பமே இடிந்துபோகும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவே மாறக்கூடும். அதை விசாரிப்பதும் ஆய்வகத்தில் இருப்பவரின் பொறுப்புதான்.