விண்டோஸ் தொடங்கும்போதே நின்றுவிட்டால் ஹார்டு டிஸ்கை அழித்துத்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை, முதலில் 'சேஃப் மோடு' வழியாகத் தொடங்கிப் பாருங்கள். விண்டோஸ் இயங்க இன்றியமையாத கோப்புகளையும் அடிப்படை டிரைவர்களையும் (திரை, விசைப்பலகை போன்ற கருவிகளை இயக்க உதவும் மென்பொருள்கள்) மட்டும் ஏற்றி, மற்றவற்றை ஒதுக்கிவைத்துக் கணினியைத் தொடங்கும் முறை அது.

நேற்றுவரை நன்றாக ஓடிய கணினி இன்று முரண்டு பிடித்தால், அண்மையில் சேர்ந்த ஒரு டிரைவரோ தானாகத் தொடங்கும் ஒரு மென்பொருளோ காரணமாக இருப்பதே வழக்கம். வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போனால் நாம் சுவரை இடித்து வயரிங்கை மாற்றுவதில்லை. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, கோளாறு மிக்சியிலா இஸ்திரிப் பெட்டியிலா என்று கண்டுபிடிக்கிறோம். சேஃப் மோடும் அதே வேலையைத்தான் செய்கிறது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும், உள்நுழையும் திரை வரை வர முடிந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுத்து, வரும் நீலத் திரையில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று போய், மீண்டும் 'ரீஸ்டார்ட்' கொடுத்த பின் 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். திரையின் மூலைகளில் 'சேஃப் மோடு' என்ற சொற்கள் தெரியும். உள்ளே சென்றதும், எதையும் மாற்றுவதற்கு முன், குடும்பப் படங்களைப் பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். பிறகு கடைசியாக நிறுவியதை நீக்கிப் பாருங்கள். பயனில்லையென்றால், முன்பே மீட்புப் புள்ளி (ஒரு நாளில் விண்டோஸ் இருந்த நிலையின் பதிவு) உருவாகியிருக்கும் பட்சத்தில், 'சிஸ்டம் ரீஸ்டோர்' மூலம் பழைய தேதியின் அமைப்புக்குத் திரும்பலாம்.

சிஸ்டம் ரீஸ்டோர் படங்களையும் கடிதங்களையும் அழித்துவிடும் என்று பலர் அஞ்சுவது தவறு: அது விண்டோஸின் அமைப்புகளையும் டிரைவர்களையும் மென்பொருள்களையும் மட்டுமே பின்னோக்கி மாற்றும்.