நிமிர்ந்து பாராமல் சொன்ன பதில்

கேள்வி: எனக்கு 23 வயது. மூக்கு இடப்பக்கம் வளைந்திருக்கிறது என்ற எண்ணத்தால் வெளியே போகவே மனமில்லை. நேராகத்தான் இருக்கிறது என்று வீட்டில் சொல்வதை நம்ப முடியவில்லை. 8ஆம் தரம் படிக்கும் தங்கச்சி, காலையில் சப்பாத்துக் கட்டிக்கொண்டே, நான் கேட்கமுன்னமே ‘நல்லா இருக்கு அக்கா’ என்கிறாள். போனில் எடுத்த படம் அனுப்புகிறேன். நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: மகள், உங்கள் மூக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். சொன்னால் பின்னேரம் வரை தாங்கும். இரவில் ‘மனம் நோகாமல் இருக்கச் சொன்னார்களோ’ என்று மறுபடி தொடங்கும்.

தங்கச்சியின் கதையை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எத்தனை நாள் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இப்படிப் பாடமாகியிருக்கும்? சப்பாத்தைப் பார்த்தபடி சொல்கிறாளே, அது உங்கள் மூக்குக்கான பதிலா? அக்கா அழக்கூடாது என்ற பயம் அது. சின்னதுகளின் பயத்தைத்தான் மூத்த பிள்ளை சுமக்க வேண்டும். நீங்கள் உங்களுடையதை அவள் தலையில் ஏற்றிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள்: ‘இனி நான் கேட்டால் பதில் சொல்லாதே.’ அம்மாவுக்கும் அதுவே. கேட்க வேண்டும்போல வந்தால் 15 நிமிடம் பொறுங்கள், அடுத்த கிழமை 30. முதல் நாட்களில் தவிப்பு கூடும். நாலாம் நாள் அம்மா மனமிரங்கிப் பதில் சொன்னால், நச்சரித்தால் கிடைக்கும் என்று மனம் பழகிவிடும். ‘இந்தப் படத்தைப் பாருங்கோ’ என்பதும் அதே கேள்விதான்.

கைக்கண்ணாடியை அம்மாவிடம் கொடுங்கள். சுவர்க்கண்ணாடியில் ஒரு கை நீளத்துக்கு அப்பால் நின்று, முகம் முழுவதையும் பாருங்கள். தலை வாரி, பொட்டு வைத்ததும் விலகிவிடுங்கள். செல்பி வேண்டாம்: 30 சென்ரிமீற்றரில் எடுத்தால், 1.5 மீற்றரில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வந்த அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது.

இந்த நினைப்பு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தின்றால், மனநல வைத்தியரிடம் போங்கள். இது பெயருள்ள நோய் (Body Dysmorphic Disorder), சிகிச்சையும் உண்டு. மூக்கைச் சத்திரசிகிச்சையால் திருத்தினாலும் பெரும்பாலும் கவலை தீராது, வேறோர் உறுப்புக்குத் தாவும். உயிர் வெறுத்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

நாளைக் காலை கண்ணாடிக்கு முதுகு காட்டி இருந்து, தங்கச்சிக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிடுங்கள். அவளுடைய பள்ளிக்கூடக் கதையைக் கேளுங்கள்.