திருப்பூரின் நட்டம் நமக்கு இலாபமா?

கேள்வி: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியத் துணிகளுக்கு 50 சதவீத வரி போட்டது, இலங்கையில் நமக்கு அப்போது 20தான். திருப்பூர் ஓடர்கள் இங்கே வரும் என்று அலுவலகத்தில் மகிழ்ந்தார்கள். அப்போது தமிழ்நாட்டு முதல்வராக இருந்த ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதி என்ன ஆனது?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: என்னால் மகிழ முடியவில்லை, சகோதரி. அதற்கு முன் 2025 ஏப்ரலில் நமக்கு 44 சதவீதம் என்று செய்தி வந்த அன்று, கட்டுநாயக்கவில் தைக்கும் என் தங்கை மகள் தொலைபேசியில், "மாமா, நான் ஊருக்கு, ஹட்டனுக்கே வந்துவிடவா?" என்று கேட்டாள். திருப்பூரில் பீகாரிலிருந்து வந்து தைக்கிறவர்களும் 50 சதவீதச் செய்தி வந்தபோது தங்கள் வீட்டாரிடம் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

புறக்கோட்டை ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருடம் நின்றவன் நான். திருப்பூர்ப் பெட்டியைப் பிரித்தால் எழும் புதுப் பனியன் வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு பனியனுக்குள் நூல், பின்னல், சாயம், வெட்டு, தையல், செக்கிங், மடிப்பு என்று எத்தனை கைகள்! ஓடர் நின்றால் அத்தனையும் நிற்கும். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு, பீஸ் இல்லாத வாரத்தில் அடுப்பும் இல்லை.

கடிதம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டு ஏற்றுமதியில் 31 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது, இந்தியா முழுவதற்கும் அது 20தான் என்று கணக்கோடு எழுதினார் ஸ்டாலின். பருத்தி இறக்குமதி வரியை நீக்கவும், கடனைத் திருப்பிக் கட்ட அவகாசம் தரவும் கேட்டார். 11 சதவீதப் பருத்தி வரி ஆகஸ்ட் 19 முதல் நீங்கியது. முதலில் செப்டெம்பர் வரை, பிறகு 2025 டிசம்பர் 31 வரை என்றார்கள். ஆலைக்காரர்களும் நெடுநாளாகக் கேட்டதுதான் அது. ஆனால் கடன் சலுகை முதலாளியின் கணக்கில் விழும். வேலையில்லாத வாரத்துக் கூலியை யார் கேட்பது? அதையும் இதே உரத்த குரலில் கேட்க வேண்டும்.

கேள்வி: நம் அரசியல்வாதிகள் ஏன் இப்படிப் பேசுவதில்லை?
(அதே வாசகி)

பதில்: ஐரோப்பிய ஒன்றியம் நம் ஏற்றுமதிக்குத் தந்த ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச்சலுகை 2010இல் பறிபோய், 2017இல்தான் திரும்பியது. அந்த ஏழு வருடமும் தைத்த பெண்களுக்காக எழுந்த குரல் போதவில்லை. காரணம் எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு. என் தங்கை மகள் உழைப்பது கட்டுநாயக்கவில், போர்டிங் வாடகை கட்டுவதும் அங்கேதான். வாக்கு மட்டும் ஹட்டனில் இருக்கிறது.