கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பைப் பிரித்துச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டியபோது ஏழெட்டு ஸ்க்ரூ குறைந்தது. 'கம்ப்யூட்டர் ஸ்க்ரூ' என்று கேட்டு வாங்கியதில் பாதி பொருந்தவில்லை. எப்படிக் கேட்டு வாங்குவது?

பதில்: மரையின் (ஸ்க்ரூவைச் சுற்றி ஓடும் வரியின்) பெயர் சொல்லிக் கேளுங்கள். கேபினெட்டுக்குள் பெரும்பாலும் புழங்குவது இரண்டு வகை மரை. ஒன்று 6-32, அங்குலக் கணக்கில் வருவது. விட்டம் சுமார் 3.5 மி.மீ., அங்குலத்துக்கு 32 மரை. மற்றது எம்3. விட்டம் 3 மி.மீ., மரைக்கு மரை 0.5 மி.மீ. தடிமனில் உள்ள அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். மரையின் நெருக்கம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்க்ரூவை ஸ்கேல்மேல் படுக்கவைத்து 5 மி.மீ. நீளத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள். ஆறு வந்தால் 6-32, பத்து வந்தால் எம்3.

எண்ணக் கண் ஒத்துழைக்கவில்லையா? வகை தெரிந்த ஒரு ஸ்க்ரூவையும் தெரியாததையும் பக்கவாட்டில் ஒட்டவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரே வகை என்றால் பல்லோடு பல் கோத்துக்கொண்டு இடையில் வெளிச்சம் தெரியாது. வேறு வகை என்றால் ஆங்காங்கே சந்து விழும்.

மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிடிக்கும் 4 ஸ்க்ரூ, 3.5 அங்குல ஹார்டு டிஸ்க், பக்கவாட்டு மூடி, கிராபிக்ஸ் கார்டைப் பின்பக்கம் பிடிக்கும் ஸ்க்ரூ ஆகியவை பொதுவாக 6-32. டிவிடி டிரைவுக்கும் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கும் எம்3. வேலை செய்யாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று கையில் இருந்தால் அதே இடங்களிலிருந்து இரண்டு வகையும் வேண்டிய அளவு கிடைக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் மட்டும் போடாதீர்கள்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? எம்3-ஐ 6-32 ஓட்டையில் விட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. 6-32-ஐ எம்3 ஓட்டையில் விட்டால் ஒரு சுற்றிலேயே முரண்டுபிடிக்கும். அங்கே பலம் கொடுத்தால் டிரைவின் மரை போய்விடும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. சரியான ஸ்க்ரூ முதல் மூன்று சுற்று விரலாலேயே ஏற வேண்டும்.

நீளமும் முக்கியம். 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கு 5 முதல் 6 மி.மீ. ஸ்க்ரூ வழக்கம். 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கு, பிடிக்கும் தகட்டின் தடிமனையும் சேர்த்து 4 மி.மீ. தாண்டாதீர்கள், ஓட்டையின் ஆழமே சுமார் 3 மி.மீ.தான், நீளமானது உள்ளே போய் போர்டை முட்டும். நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். பள்ளத்தில் அமரும் கூம்புத் தலை ஸ்க்ரூவுக்கு மட்டும் தலையையும் சேர்த்து அளப்பார்கள். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஹெச்பி அலுவலக டெஸ்க்டாப்களில் வெள்ளி நிறம் 6-32, கறுப்பு எம்3 என்று ஒரு முறை உண்டு; எல்லா நிறுவனமும் அப்படிச் செய்வதில்லை.

கேள்வி: எம்.2 எஸ்.எஸ்.டி.யைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூ தொலைந்துவிட்டது. டேப் போட்டு ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். ஸ்லாட்டில் செருகிய எஸ்.எஸ்.டி. மறுமுனையில் சாய்வாகத் தூக்கி நிற்கும்; அதை அழுத்திப் படுக்கவைப்பது அந்த ஸ்க்ரூதான். சூட்டில் டேப்பின் பசை இளகினால் முனை மேலே எழும், டிரைவ் திடீரென்று காணாமல் போகும். பெரும்பாலான மதர்போர்டுகளுக்கு எம்2 அளவு, 3 மி.மீ. நீளம், அகலமான தட்டைத் தலை உள்ள ஸ்க்ரூ பொருந்தும். எம்.2 என்பது ஸ்லாட்டின் பெயர், எம்2 என்பது ஸ்க்ரூவின் விட்டம், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்க்ரூ இறங்கும் சிறு பித்தளைத் தூணும் தொலைந்திருந்தால் இரண்டையும் செட்டாக வாங்குங்கள். எஸ்.எஸ்.டி.யின் அளவு 2280 என்றால் அகலம் 22, நீளம் 80 மி.மீ.; தூணை 80 என்று குறித்த ஓட்டையில் பூட்ட வேண்டும். ஸ்க்ரூ தலை எஸ்.எஸ்.டி.யைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: புதிய கேபினெட்டுக்கு மாற்றியபின் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை. வெளியே மேசைமேல் வைத்து இணைத்தால் ஓடுகிறது.

பதில்: முதலில் மதர்போர்டுக்கு அடியில் அதைத் தாங்கி நிற்கும் குட்டித் தூண்களான ஸ்டாண்ட்-ஆஃப்களைப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று கூடுதலாக நின்றால், அது பின்பக்கச் சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆகும். முழு ஏடிஎக்ஸ் அளவு போர்டில் வழக்கமாக 9 ஓட்டை, சிறிய அளவான மினி ஐடிஎக்ஸில் 4. போர்டைக் கேபினெட்டில் வைக்கும் முன் ஓட்டைகளை எண்ணி, அத்தனை ஸ்டாண்ட்-ஆஃப் மட்டும் அதே இடங்களில் விடுங்கள். குறைவாக விடுவதும் தவறு: ராம் செருகும் பக்கம் தாங்கல் இல்லாவிட்டால் அழுத்தும்போது போர்டு வளையும். ஸ்டாண்ட்-ஆஃபின் உள்மரை சிலவற்றில் 6-32, சிலவற்றில் எம்3. போர்டை வைப்பதற்கு முன்பே ஒரு ஸ்க்ரூவை விரலால் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டது, ஸ்க்ரூடிரைவர் வழுக்குகிறது.

பதில்: சிறிய முனையால் திருகியதே பெரும்பாலும் காரணம். 6-32-க்கு 2-ஆம் நம்பர் ஸ்டார் முனை வேண்டும். தலைமேல் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை வைத்து, முனையை நன்றாக அழுத்தியபடி மெதுவாகத் திருப்புங்கள். அசையாவிட்டால் குறடால் தலையின் விளிம்பைக் கவ்வித் திருப்புங்கள்.

கேள்வி: ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தது, கண்ணில் படவில்லை. ஆன் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைச் சாய்த்து மெதுவாக ஆட்டுங்கள். மதர்போர்டின் அடி, கிராபிக்ஸ் கார்டின் பின்தகடு, விசிறி இறக்கைகளுக்கு இடையே என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காற்றுத் துளை வழியாக உள்ளே போயிருந்தால், அதைக் கழற்றிக் கவிழ்த்துக் குலுக்குங்கள். மூடியைத் திறக்காதீர்கள், மின்சாரம் நிறுத்திய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்னூட்டம் தங்கியிருக்கும்.