ஆறு மாதமாக நடந்தும் சர்க்கரை இறங்கவில்லையா?
சார், தினமும் 45 நிமிடம் ஒரே வேகத்தில் நடந்தும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.2-லேயே நிற்கிறது, பையன் ஓடச் சொல்கிறான், 52 வயதில் நெஞ்சு தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட வேண்டாம். நடையையே துண்டு போடுங்கள். ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தார் பழக்கிய முறை இது: மூன்று நிமிடம் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற வேகம், மூன்று நிமிடம் சாவகாசம், இப்படி ஐந்து சுற்று, வாரம் நான்கு நாள். வேகச் சுற்றில் போனில் மச்சானோடு கதை பேச முடிகிறதென்றால் அது வேகமே இல்லை.

டென்மார்க்கில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் சிலரைச் சீராகவும் சிலரை விட்டுவிட்டு வேகமாகவும் நான்கு மாதம் நடக்க வைத்துப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் செலவான சக்தி ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் விட்டுவிட்டு வேகமாக நடந்தவர்களுக்குத்தான் சர்க்கரைக் கட்டுப்பாடும் மூச்சுத் திறனும் மேம்பட்டன. வேகமாகப் போகும்போது தசை தன் கையிருப்புச் சர்க்கரையான கிளைக்கோஜனை அதிகம் எரிக்கிறது, அப்புறம் அதை நிரப்ப ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது.

சீரான நடை வீணில்லை, ரத்த அழுத்தத்துக்கு நல்லது, மீதி மூன்று நாள் அதையே வைத்துக்கொள்ளுங்கள். படியேறும்போது நெஞ்சு இறுக்கினால் மட்டும் இதெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர். பழைய ரப்பர் செருப்போடு வேகச் சுற்று போகாதீர்கள், நான் போய்க் குதிகால் வலியில் ஒரு மாதம் நொண்டினேன்.